சீப்பு நின்றால் குளியல் இல்லை

புசுபுசுவென்று முடி வைத்த எந்த நாயையும் ‘சடை நாய்’ என்று ஒரே பெயரில் அடக்கிவிடுவோம். பிரஷ் வாங்கும்போதும் அதே கண்தான்: முடி நீளமா, மெத்தென்ற பிரஷ் ஒன்று கொடுங்கள். கணக்கு தப்புவது அங்கேதான். முடியின் நீளத்தைவிட, தோலருகே என்ன கிடக்கிறது என்பதுதான் பிரஷை முடிவுசெய்ய வேண்டும். பொமரேனியனுக்கும் கோல்டன் ரெட்ரீவருக்கும் முடி இரண்டு அடுக்கு. வெளியே தெரிவது சற்று முரடான காப்பு முடி. அடியில் பஞ்சாக நெருங்கிக் கிடப்பது உள்முடி. கொத்துக்கொத்தாக உதிர்வது இதுதான். அதை வெளியேற்ற, சருகு வாரும் வாரியைப்போல நீண்ட பற்கள் இடைவெளிவிட்டு நிற்கும் ‘அண்டர்கோட் ரேக்’ வேண்டும். ஷிட்சுவின் கதை வேறு. அதன் முடி நம் தலைமுடிபோல நீண்டுகொண்டே போகும். உதிர்ந்த முடியும் தரைக்கு வராமல் பக்கத்து முடியில் மாட்டிக்கொள்ளும். அதற்கு மெத்தைமேல் கம்பி ஊசிகள் நட்ட ‘பின் பிரஷ்’ பொருந்தும். கைக்கு இதமான அந்த மென்மயிர் பிரஷ் எல்லாவற்றுக்கும் கடைசியில் மெருகு போடத்தான் ஆகும்.

அந்த மெருகுதான் ஏமாற்றுகிறது. முதுகு பளபளக்கும் நாய்க்குக் காதுக்குப் பின்னால், முன்னங்கால் இடுக்கில், கழுத்துப்பட்டைக்கு அடியில் சிக்கு கம்பளித் துண்டாகத் திரண்டிருக்கும். அதோடு குளிப்பாட்டினால் சிக்கு இன்னும் இறுகும். உள்ளே தங்கிய ஈரம் கடலோர ஊர்ப் புழுக்கத்தில் லேசில் காயாது. தோல் வெந்து புண்ணாகும். எர்லிக்கியா போன்ற காய்ச்சல் கிருமிகளைப் பரப்பும் உண்ணிக்கும் அந்தச் சிக்கு வசதியான மறைவிடம். மெல்லிய கம்பிகள் வளைந்து நிற்கும் ‘ஸ்லிக்கர்’ ஒன்றே போதும் என்பார் உண்டு. சிக்கை அவிழ்ப்பதில் அது கெட்டிக்காரக் கருவிதான். ஆனால் அழுத்தி ஒரே இடத்தில் இழுத்தால் தோலைச் சிராய்த்துவிடும். மேலாக இழுத்தால் அடிச்சிக்கைத் தொடாது. முடியை ஒரு கையால் மேலே தூக்கிப் பிடித்து, அடியிலிருந்து வகிடு வகிடாகப் பிரித்து இறக்கினால்தான் எந்தப் பிரஷும் பிரஷ். அது நடந்ததா என்று சொல்ல ஒரே சாட்சி, ஒரு பாதி அகலப் பல்லும் மறுபாதி நெருக்கப் பல்லுமான எஃகுச் சீப்பு. முதலில் வாங்க வேண்டியதும் அதுதான்.

‘இவ்வளவு பாடு எதற்கு, கோடைக்கு மழித்துவிட்டால் நாய்க்கும் குளிர்ச்சி’ என்ற வாதம் இப்போது பரவலாகிவிட்டது. இதுதான் உண்மையில் கவலைப்படுத்துகிறது. நமக்கு வியர்ப்பதுபோல நாய்க்கு உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. வியர்வைச் சுரப்பிகள் முக்கியமாகப் பாதங்களில். நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் அது சூட்டை இறக்குகிறது. ஆகவே தலையை மொட்டையடித்துக்கொண்ட நம் சுகத்தை அதன்மேல் ஏற்றிப் பார்ப்பது பொருந்தாது. இரட்டை அடுக்கு முடி வெயில் நேராகத் தோலில் இறங்காமல் தடுக்கிறது. ஒட்ட மழித்தால் அந்தத் தடுப்பு போய்விடும், சில நாய்களுக்கு முடி திட்டுத்திட்டாகவே திரும்பி வரும். உதிர்ந்த உள்முடியை வாரி எடுத்தாலே காற்று தோலைத் தொடும். தொடர்ந்து வளரும் முடியுள்ள ஷிட்சுவைக் கத்தரித்துக் குட்டையாக வைப்பது வேறு விஷயம், அதில் தவறில்லை. உடம்பெங்கும் சிக்கேறிப்போன நாயை இழுத்து வாரி வதைப்பதைவிட மழிப்பதே இரக்கம் என்பதும் சரி. அந்த நிலைவரை போகாமல் தடுக்க வழி எளிது: குளிப்பாட்டும் நாளில் தண்ணீரைத் திறக்குமுன், காதின் பின்புறம் நெருக்கப் பல்லை வைத்துத் தோலிலிருந்து நுனிவரை இழுத்துப் பார்ப்பது. நடுவில் சீப்பு நின்றால் அன்று குளியல் இல்லை, சிக்கெடுப்பு மட்டும்.