பிளேட்டிங் வெளியே, கணக்கு உள்ளே

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பொருளை ஆரம்பம் முதல் கடைசி வரை தன் ஷெட்டிலேயே செய்து முடிப்பவர் அபூர்வம். டர்னிங் ஓரிடம், ஹீட் ட்ரீட்மென்ட் இன்னோரிடம், கிரைண்டிங் அடுத்த தெருவில், துத்தநாகப் பூச்சுக்கு வேறொருவர். குட்டி யானையில் சலானோடு கிளம்பும் சரக்கு ஓரிரு நாளில் வேலை முடிந்து திரும்பும். பிளேட்டிங் தொட்டியில் என்ன ரசாயனம் ஊற்றுகிறார்கள் என்பது அனுப்பியவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. தனக்கு வராத வேலையைப் பிறர் கையில் கொடுப்பதில் பாடி, அம்பத்தூர் பட்டறைக்காரர்களை மிஞ்ச ஆள் கிடையாது.

அதே ஓனர் கணக்கு எழுத ஓர் ஆளைப் போட்டுவிட்டு, ராத்திரி ஒவ்வொரு பில்லையும் தானே புரட்டிக்கொண்டிருப்பார். விற்பனைக்கு மேனேஜரை வைப்பார். சில மாதங்களில், “இவரால் ஒன்றும் ஆகாது” என்று அனுப்பிவிட்டு, பழையபடி தானே கஸ்டமரைப் பார்க்கப் பைக்கை எடுப்பார்.

ஓ.எம்.ஆர். கண்ணாடிக் கட்டடத்தில் ஆப் உருவாக்கும் இளைஞர்களின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். கோடிங் தெரிந்த நிறுவனர் இன்னொரு கோடரைச் சுலபமாகத் தேர்ந்தெடுத்துவிடுகிறார். மார்க்கெட்டிங், சட்டம், நிதி என்று வந்தால் தடுமாறுகிறார்.

“ஈகோ” என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவது வழக்கம். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. 1998-ல் ஜெஃப்ரி பெஃபர், ராபர்ட் சியால்டினி உள்ளிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஒரே விளம்பர வரைவைப் பலரிடம் காட்டி மதிப்பிடச் சொன்னார்கள். தன் மேற்பார்வையில் உருவானது என்று நம்பியவர்கள் அதற்குக் கூடுதல் மதிப்புக் கொடுத்தார்கள். நம் கை பட்டால்தான் வேலை உருப்படும் என்ற நினைப்பு மனிதர்களுக்குப் பொது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால், ஈகோதான் காரணம் என்றால் பிளேட்டிங்கையும் அவர் வெளியே கொடுக்கக் கூடாதே?

விடை அவர் மேஜை டிராயரில் கிடக்கிறது: பிளக் கேஜ். விரல் நீள இரும்புத் துண்டு. ஒரு முனை ‘கோ’, சிவப்பு அடையாளம் போட்ட மறுமுனை ‘நோ கோ’. துளைக்குள் முதல் முனை நுழைய வேண்டும், இரண்டாவது நுழையக் கூடாது. அவ்வளவுதான் பரீட்சை. லேத்தைத் தொட்டே பார்க்காத, நேற்று வேலைக்குச் சேர்ந்த பையன்கூடச் சரக்கு தேறுமா தேறாதா என்று சொல்லிவிடுவான். பூச்சு எத்தனை மைக்ரான் என்று டிராயிங்கில் எழுதியிருக்கும், அளந்த தாள் சரக்கோடு வரும். செய்யத் தெரியாதவரும் சரிபார்க்க முடிகிறது. அதனால்தான் துணிந்து கொடுக்கிறார்.

அக்கவுண்டன்டுக்கு அப்படி ஒரு டிராயிங்கை யார் கொடுத்தார்கள்? நல்ல விற்பனை மேனேஜர் முதல் மூன்று மாதத்தில் என்ன செய்திருக்க வேண்டும் என்று எந்தத் தாளில் எழுதியிருக்கிறது? அளவுகோல் இல்லாத இடத்தில் இரண்டே வழிதான் தெரிகிறது. ஒன்று, தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பது. அது சலித்துப்போனால், கண்ணை மூடிக்கொண்டு மொத்தமாகத் தூக்கிக் கொடுத்துவிடுவது. இரண்டாவது இன்னும் ஆபத்து. பிரைவேட் லிமிடெடாகப் பதிவு செய்த எத்தனையோ பேரின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் ஆடிட்டர் ஆபீஸ் டிராயரில் தூங்குகிறது. எதில் கையெழுத்து விழுகிறது என்று டைரக்டருக்குத் தெரியாது. நோட்டீஸ் மட்டும் அவர் பெயருக்கு வரும்.

பாடியின் பெரிய ஆலைகளே தெரியாத தொழிலில் காலை வைத்தவர்களால் வந்தவைதான். டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1911-ல் தொடங்கிய டிவிஎஸ் குழுமத்துக்குப் பேருந்து ஓட்டவும் வண்டி விற்கவும் பழுது பார்க்கவும் தெரியும். ஏர் பிரேக்கும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் தயாரிப்பது வேறு வித்தை. 1960-களின் தொடக்கத்தில் பாடியில் லூகாஸ் டிவிஎஸ், சுந்தரம் கிளேட்டன், வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா என்று வரிசையாக எழும்பியபோது, பிரிட்டனின் லூகாஸ், கிளேட்டன் டிவான்ட்ரே, டன்லப், கர்லிங் நிறுவனங்களோடு கைகோத்தார்கள். அப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் மெஷினைவிட மதிப்பானவை டிராயிங்கும் செய்முறையும் சோதனை முறையும்தான். 1998-ல் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு தர நிர்வாகத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்று அதைப் பெற்றது அதுவே முதல்முறை. தரம் பார்ப்பது இன்ஸ்பெக்டர் தலையில் மட்டும் விழும் வேலையல்ல, மெஷினில் நிற்பவரும் அளக்க வேண்டும் என்பது அந்தத் தர நிர்வாகத்தின் சாரம்.

எல்லா வேலைக்கும் கேஜ் செய்துவிட முடியாது என்பதும் நிஜம். ஒரு நிறுவனத்தை நடத்தும் பொறுப்பை எந்தக் கேஜால் அளப்பது? அங்கே காலம்தான் அளக்கும். சென்னையில் 2010-ல் பிறந்த ஃப்ரெஷ்வொர்க்ஸின் நிறுவனர் கிரீஷ் மாத்ருபூதம், கூகுள், டிராப்பாக்ஸில் பழுத்த டென்னிஸ் வுட்சைடை 2022-ல் பிரசிடென்டாகக் கொண்டுவந்தார். தலைமைச் செயல் அதிகாரி நாற்காலியைக் கொடுத்தது 2024 மே மாதம்தான். ஸோஹோவின் ஸ்ரீதர் வேம்பு 2025 ஜனவரியில் அதே பொறுப்பை, நெடுங்காலம் உடன் உழைத்த சைலேஷ் டேவியிடம் கொடுத்துவிட்டு, ஆராய்ச்சிக்குத் திரும்பினார். இருவரும் முன்பின் தெரியாதவரிடம் சாவியைக் கொடுக்கவில்லை. கொடுக்காமலே பிடித்துவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆய்வாளர் நோம் வாசர்மன் 212 அமெரிக்க ஸ்டார்ட்அப்களைப் பார்த்துக் கணக்குச் சொன்னார்: மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் பாதி நிறுவனர்கள் தலைமைப் பதவியில் இல்லை. பெரும்பாலோர் தாமாக விலகியவர்களும் அல்ல.

சிறு ஷெட்டுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். கணக்கு தெரியாத ஓனரும் கேட்கக்கூடிய கேள்விகள் உண்டு. ஜிஎஸ்டி தளத்தில் மாதாமாதம் வரும் 2பி பட்டியலும் நம் கொள்முதல் பில்களும் ஒத்துப்போகின்றனவா, எந்த சப்ளையர் விடுபட்டிருக்கிறார்? அவர் கணக்குத் தாக்கல் செய்யவில்லையென்றால் அந்த வரிவரவு நமக்குக் கிடைக்காது. 45 நாளைத் தாண்டிய வசூல் பாக்கி எவ்வளவு, யாரிடம்? எழுதின ஒப்பந்தம் இருந்தாலும் சிறுதொழிலுக்குப் பணம் தரச் சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பு அதுதான். இரண்டையும் ஒரே தாளில், மாதம் ஒருமுறை கேட்டால் போதும். ராத்திரி பில் புரட்ட வேண்டியதில்லை. புது ஆளை எடுக்கும்போது, அந்தத் துறையில் ஓய்வுபெற்ற ஒருவரைக் கூட உட்காரவைத்து நேர்காணல் நடத்தினால், செலவு ஒரு சாப்பாட்டோடு முடிந்துவிடும்.

அப்படியே ஆடிட்டர் ஆபீஸுக்கும் ஒரு போன் போட்டு, உங்கள் கையெழுத்து டோக்கன் இப்போது எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.