இராட்டையும் கம்ப்யூட்டரும்

இராஜபாளையத்துக்கு இரண்டு பெருமைகள் உண்டு. மகாத்மாவின் பக்தரும், 1949-ல் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானவருமான ஸ்ரீ பி. எஸ். குமாரசாமி ராஜா, தமது சொந்த இல்லத்தையே காந்தி கலை மன்றத்துக்காகக் கொடுத்துவிட்ட ஊர் அது. ஸ்ரீ பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1936-ல் நூற்பாலை ஸ்தாபித்த ஊரும் அதுவே. ஆகவே, இராட்டையின் நியாயத்தையும் ஆலையின் நியாயத்தையும் ஒருங்கே அறிந்த ஊர் என்று சொல்லலாம். அதே வழக்கு இன்று வேறு வேஷத்தில் நம் வீடுகளுக்கு வந்திருக்கிறது. வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் இருக்க வேண்டுமா, லினக்ஸ் இருக்க வேண்டுமா என்பதே கேள்வி.

இவ்விரண்டும் இயங்குதளங்கள். திரை, விசைப்பலகை, அச்சு யந்திரம் எல்லாவற்றையும் ஒரே குடும்பமாகக் கட்டி வேலை வாங்கும் மென்பொருளுக்கு அப்பெயர். விண்டோஸ் 1985-ல் மைக்ரோஸாப்ட் கம்பெனி வெளியிட்ட சரக்கு. அதன் உள் அமைப்பு கம்பெனிக்கு மட்டுமே தெரியும். நாம் விலை கொடுத்துப் பெறுவது உபயோகிக்கும் அனுமதியே அன்றி, பொருளின் மீது பாத்தியதை அல்ல.

இந்த வித்தியாசம் வெகு காலம் யார் கண்ணிலும் படவில்லை. 2025 அக்டோபர் 14-ந் தேதி பட்டது. அன்றுடன் விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. அடுத்த பதிப்போ, சில புதிய பாகங்கள் இல்லாத பழைய யந்திரங்களை ஏற்பதில்லை. ஒரு வருஷத் தவணை கொடுத்தார்கள். ஆனால் தவணை தீர்வாகுமா? யந்திரத்துக்கு ஒரு நோயும் இல்லை. வைத்தியர்தான் வருவதை நிறுத்திக்கொண்டார். சிக்கனமாக வாழும் குடும்பம் நன்றாக ஓடும் கம்ப்யூட்டரைக் குப்பையில் போடுவதா?

லினக்ஸின் கதை வேறு. மென்பொருள் எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்று அமெரிக்கரான ரிச்சர்டு ஸ்டால்மன் 1983-ல் ஓர் இயக்கத்தை ஆரம்பித்தார். 1991-ல் ஹெல்ஸிங்கி நகரத்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், இயங்குதளத்தின் கருவை எழுதி உலகத்தின் முன் வைத்தார். அதை யாரும் உபயோகிக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம்.

இந்தக் கொள்கை நமக்குப் புதிதா? 1929-ல் அகில பாரத சர்க்கா சங்கம் சிறந்ததோர் இராட்டைக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தது. பரிசு பெற விரும்புகிறவர் தமது கண்டுபிடிப்பின் காப்புரிமையைச் சங்கத்துக்கு ஒப்படைக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஏழையின் கருவி ஒரு தனி மனிதரின் பெட்டியில் பூட்டப்படலாகாது என்பதே அதன் கருத்து.

"ரகசியத்தை எல்லோருக்கும் சொல்லிவிட்டால் பிழைப்பது எப்படி?" என்று கேட்கலாம். பதிலுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போனால் போதும். பாலும் சர்க்கரையும் சேர்ந்ததுதான் பால்கோவா என்பதை அறியாதவர் யார்? அதனால் அவ்வூர்க் கடைகள் மூடிக்கிடக்கின்றனவா? 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதே 2019-ல், திறந்த மென்பொருளைப் பராமரித்துக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட ரெட் ஹாட் கம்பெனியை ஐ.பி.எம். 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. பணம் ரகசியத்திலிருந்து அல்ல, ஊழியத்திலிருந்து வந்தது.

நம் நாட்டு அநுபவத்தையும் பார்ப்போம். மத்திய சர்க்காரின் சி-டாக் ஸ்தாபனம் 2007-ல் சென்னையிலிருந்து 'பாஸ்' என்ற லினக்ஸை வெளியிட்டது. 2011-ல் தமிழ்நாட்டு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக் கணினிகளில் விண்டோஸுடன் பாஸும் இருந்தது. மலைக்கு அப்பால் கேரளமோ, லினக்ஸைப் பள்ளிப் பாடத்திலேயே சேர்த்து, ஆசிரியர்களையும் பயிற்றுவித்தது. 2019-ல் அங்கே இரண்டு லட்சத்துக்கும் அதிகமான பள்ளிக் கம்ப்யூட்டர்களுக்கு அதுவே இயங்குதளமாயிற்று. கருவியைக் கொடுத்தால் மட்டும் போதாது. கற்றுக் கொடுக்கவும் ஆள் வேண்டும் என்பதே நாம் அறிய வேண்டிய பாடம்.

ஆனால் ஆர்வ மிகுதியில் உண்மையை மறைக்கலாகாது. சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி வியாபாரம் செய்கிறவர் டாலியில் கணக்கு எழுதி ஜி.எஸ்.டி. கட்டுகிறார் என்றால், அந்த டாலி விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டது. போட்டோ ஸ்டூடியோக்காரருக்கு வேண்டிய போட்டோஷாப்பும் லினக்ஸில் நேராக ஓடாது. சில அச்சு யந்திரங்களும் முரண்டு பிடிக்கும். இத்தகையவர்கள் விண்டோஸுக்கு விலை கொடுப்பதில் தவறே இல்லை. கடிதம் எழுதவும், தமிழ் தட்டச்சு செய்யவும், பிள்ளைகள் படிக்கவும், பாங்கிக் கணக்குப் பார்க்கவும் மட்டும் வேண்டிய வீட்டுக்கு லினக்ஸ் தாராளமாகப் போதும்.

சந்தேகம் இருந்தால் பரீட்சித்துப் பார்க்க வழி உண்டு. உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட்டை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கம்ப்யூட்டரைத் துவக்கலாம். பழைய இயங்குதளம் அப்படியே இருக்கும். திரை, ஒலி, வைபை, அச்சு யந்திரம் எல்லாம் சரியாக நடக்கின்றனவா என்று ஒரு வாரம் பார்க்கலாம். திருப்தியானால், போட்டோக்களுக்கும் கடிதங்களுக்கும் வேறோர் இடத்தில் பிரதி எடுத்து வைத்த பிறகே நிரந்தரமாக நிறுவ வேண்டும். இந்த ஒரு படியை மட்டும் தாண்டலாகாது.

லினக்ஸ் பின்லாந்தில் பிறந்தது. அதைச் சுதேசியம் என்று சொல்வானேன் என்று சிலர் கேட்கலாம். பிறந்த ஊரில் அல்ல, நம் கையில் இருக்கும் அதிகாரத்தில்தான் சுதேசியம் இருக்கிறது. பழுதானால் பிரித்துப் பார்க்கவும், நம் மொழிக்கேற்பத் திருத்தவும், அடுத்த வீட்டுப் பிள்ளைக்குத் தயக்கமின்றிக் கொடுக்கவும் உரிமையுள்ள கருவி நம்முடையது. அந்த உரிமை வேண்டாம், வசதி போதும் என்று முடிவு செய்வதும் ஒருவரின் சுதந்திரமே. தெரிந்து செய்யட்டும், அவ்வளவுதான் நாம் வேண்டுவது.