இரவுப் பூசையும் ஒற்றர் பழியும்

புரட்சியும் இரகசியமும் – 9

சென்ற வாரம் பாருவெலை இலண்டனில் விட்டு வந்தோம். புரட்சிக்குத் தப்பி அங்கே அடைக்கலம் புகுந்த அந்தப் பிரெஞ்சுக் குரு, 1797இல் வெளியிடத் தொடங்கிய தன் நூலில் ஒன்றைத்தான் திரும்பத் திரும்ப நிறுவப் பார்த்தார். பாரிசில் அரசன் தலை விழுந்ததற்குப் பாண் விலையும் வரிச்சுமையும் காரணம் என்பதை அவர் ஏற்கவில்லை. மறைவாகக் கூடிய சிலர் முன்கூட்டியே போட்ட திட்டம் அது என்றார். அவர் கைகாட்டிய இலுமினாட்டிக் கழகம், பவேரியாவின் இங்கோல்ஸ்டாட் நகரில் 1776 மே 1ஆம் திகதி தொடங்கியது. 1784இலும் 1785இலும் வந்த அரச தடைகளால் குலைந்து போனது. புரட்சி வெடித்ததோ 1789இல். இடையில் இருந்த வருடங்கள் பாருவெலை உறுத்தவேயில்லை. கழகம் கலைந்ததாகக் காட்டிக்கொண்டு உள்ளே இயங்கியது என்று சொல்லிவிட்டால், எந்தக் கணக்கும் சரியாகிவிடும்.

இந்த வாரம் எங்கள் பக்கம் வருவோம். மன்னார்த் தீவும், அதற்கு எதிரே மாந்தை, மடு, முசலி என்று விரியும் பெருநிலமும் நானூற்றைம்பது வருடங்களாக ஒரே பழியைப் பல வாய்களில் கேட்டவை. “இவர்கள் மறைவில் வேறு யாருக்கோ வேலை செய்கிறார்கள்.” அதைச் சொன்னவர்களில் அரசனும் உண்டு, வணிகக் கொம்பனியும் உண்டு, விடுதலை கேட்ட இயக்கமும் உண்டு.

முதலில் 1544. யாழ்ப்பாண அரசில் முதலாம் சங்கிலி ஆண்ட காலம். மன்னார் அவன் அதிகாரத்துக்கு உட்பட்டிருந்தது. எதிர்க்கரையில் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைப் பரதவர் நடுவே ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். மன்னார்ச் சனங்கள் அவருக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். அவரால் வர முடியவில்லை. தனக்குப் பதிலாக ஒரு குருவை அனுப்பினார். பலர் ஞானஸ்நானம் பெற்றார்கள். செய்தி தலைநகர் நல்லூருக்கு எட்டியதும் சங்கிலியின் படை வந்தது. கொல்லப்பட்டவர்கள் 600 பேர் அளவில் என்று போர்த்துக்கேயக் குறிப்புகள் சொல்கின்றன. பெண்களும் குழந்தைகளும் அதில் அடக்கம். அவர்கள் நினைவாகத் தோட்டவெளியில் ஓர் ஆலயம் இருக்கிறது. மன்னார் அவர்களை வேதசாட்சிகள் என்று அழைக்கிறது.

சங்கிலியைக் கொடியவன் என்று ஒரு வரியில் எழுதிவிட்டு நகர்வது சுலபம். அவன் கண்ணால் பார்த்தால்தான் இந்தக் கொலையின் தர்க்கம் பிடிபடும். 1530களின் நடுவில் எதிர்க்கரைப் பரதவர் ஆயிரக்கணக்கில் மதம் மாறியிருந்தார்கள். பதிலாகப் போர்த்துக்கேயரின் கடற்படைக் காவல் அவர்களுக்குக் கிடைத்தது. சில ஆண்டுகளுக்குள் முத்துக்குளிப்பின் வருமானத்தில் போர்த்துக்கேயர் கை ஓங்கியது. 1538இல் வேதாளையில் கோழிக்கோட்டுச் சாமுத்திரியின் கப்பற்படையை அவர்கள் முறியடித்த பிறகு, மன்னார்க் குடாவில் அவர்களைத் தட்டிக்கேட்க ஆளில்லை. இதையெல்லாம் நல்லூரில் இருந்து பார்த்தவனுக்கு, மன்னாரில் ஒருவன் தலையில் விழுந்த தண்ணீர் தன் துறைமுகத்தின் மேல் விழுந்த தண்ணீராகத்தான் தோன்றியிருக்கும். 1560இல் அது நடந்தும் விட்டது. தேசாதிபதி கொன்ஸ்தாந்தீனு த பிரகன்சா கப்பற்படையோடு வந்து நல்லூரைத் தாக்கினார். திரும்பும் வழியில் மன்னாரைப் பிடித்துக் கோட்டை கட்டினார். புன்னைக்காயலில் இருந்து பரதவக் குடும்பங்கள் கொண்டுவந்து குடியேற்றப்பட்டன.

அப்படியானால் சங்கிலியின் சந்தேகம் சரிதானே என்று இன்றும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் 1544க்கும் 1560க்கும் நடுவே நடந்த ஒரு சம்பவத்தைப் பார்க்க வேண்டும்.

கொலைச் செய்தி கேட்டுக் கொதித்த சவேரியார், கோவாவின் ஆளுநர் மார்ட்டிம் அபொன்சோ த சூசாவிடம் போய்ச் சங்கிலியைத் தண்டிக்கப் படை கேட்டார். ஆளுநர் இணங்கினார். 1545இல் படை நாகபட்டினத்தில் கூடுவதாக ஏற்பாடு. சவேரியாரும் அங்கே போய்ச் சேர்ந்தார். அந்த நேரத்தில் பெகுவிலிருந்து சரக்கோடு வந்த ஒரு போர்த்துக்கேயக் கப்பல் யாழ்ப்பாணக் கரையில் ஒதுங்கியது. சரக்கு சங்கிலியின் கைக்குப் போனது. அவனோடு சண்டை என்றால் சரக்கு போச்சு. படையெடுப்பு அப்படியே கைவிடப்பட்டது. 600 பேரின் சாவு, ஒரு கப்பல் சரக்குக்கு முன்னால் எடைபோடப்பட்டுத் தோற்றது.

நல்லூரைக் கவிழ்க்க முன்கூட்டியே திட்டம் போட்டவர்கள் இப்படியா நடப்பார்கள்? ஒரு சதிக்காரனுக்கு இதைவிட நல்ல சாக்கு வாய்க்காது. வாய்த்தும் அவர்கள் வியாபாரத்தைத்தான் பார்த்தார்கள். பதினைந்து வருடம் கழித்து அவர்கள் வந்தபோதும் பகல் வெளிச்சத்தில், கப்பல் கப்பலாக, கேட்காமல் வந்தார்கள். ஒளித்து வைக்க அவர்களுக்கு ஒன்றுமிருக்கவில்லை. சங்கிலி அஞ்சிய வல்லரசு உண்மை. மன்னாரில் வெட்டுண்ட சனங்கள் அதன் ஏவலர்கள் என்பது மட்டும் பொய். அள்ளிய சிப்பியில் அரசுக்கும் சம்மாட்டிக்கும் பங்கு போன பிறகே குளிகாரனுக்கு மிஞ்சும் ஒரு கரையில், எதிரே தன்னைப் போன்றவர்கள் ஒரு பாதுகாப்பைத் தேடிக்கொண்டதைப் பார்த்து ஆட்கள் அங்கே தூது அனுப்பியதற்கு எந்தச் சதியும் தேவைப்படவில்லை. அவர்கள் நம்பியும் இருக்கலாம். ஏழைகள் ஒன்றை மனதார நம்பக்கூடும் என்பது அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு எப்போதும் கடைசியாகத்தான் தோன்றுகிறது.

அடுத்தது ஒல்லாந்தர் காலம். இங்கே கதை தலைகீழாகிறது. இம்முறை மன்னாரில் உண்மையாகவே ஓர் இரகசியக் கூட்டம் இருந்தது.

1658 பெப்ரவரியில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனி மன்னாரைப் பிடித்தது, ஜூனில் யாழ்ப்பாணத்தை. அந்தச் செப்டெம்பரிலேயே கத்தோலிக்கக் குருக்களை ஒளித்து வைப்பவருக்கு மரண தண்டனை என்று கட்டளை வந்தது. கத்தோலிக்கர் என்றால் போர்த்துக்கேயரின் ஆள் என்பது கொம்பனியின் கணக்கு. கோயில்கள் பறிபோயின. 1670 அளவில் மாந்தையிலிருந்து சில குடும்பங்கள் மாதாவின் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு மருதமடுக் காட்டுக்குள் போனதாக மடு ஆலய வரலாறு சொல்கிறது. இன்று ஆடித் திருவிழாவுக்கும் ஆவணித் திருவிழாவுக்கும் இலட்சக்கணக்கானோர் கூடும் மடு, ஒளிந்து வாழ்ந்தவர்களின் இடமாகத்தான் தொடங்கியது.

1687இல் கோவாவைச் சேர்ந்த குரு யோசப் வாஸ், கூலியாள் வேடத்தில் தூத்துக்குடியில் தோணி ஏறினார். காற்றில் அலைக்கழிந்த தோணி மன்னாரில் ஒதுங்கியது. அங்கிருந்து யாழ்ப்பாணம் போன அவர் பிச்சைக்காரனாக வீடு வீடாக நடந்தார். கழுத்தில் செபமாலையை வெளியே தெரியப் போட்டுக்கொண்டு, அதைக் கண்டதும் யார் முகம் மாறுகிறது என்று பார்த்துத்தான் தன் ஆட்களைக் கண்டுபிடித்தார். பிறகு இரவில் கூடினார்கள், இரவிலேயே பூசை வைத்தார்கள், விடியுமுன் கலைந்தார்கள். 1689 நத்தார் இரவில் யாழ்ப்பாணத்தில் இப்படிக் கூடியவர்களை ஒல்லாந்தப் படை வளைத்துப் பிடித்தது.

கொம்பனியின் ஒற்றன் ஒருவன் இதை அறிக்கையாக எழுதினால் எப்படியிருக்கும்? வேடமிட்டு வந்த அந்நியன், போர்த்துக்கேயர் ஆளும் கோவாவில் இருந்து வந்தவன், அடையாளச் சின்னம், இரவுக் கூட்டம், காட்டுக்குள் மறைவிடம். பாருவெல் கற்பனையில் தேடிய எல்லாம் இங்கே கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கின்றன. கண்டியிலும் அதே கதை. 1692இல் அங்கே போன வாஸ் அடிகளாரைப் போர்த்துக்கேய ஒற்றன் என்று ஒரு பிரெஞ்சுக் கல்வினியர் சொல்ல, இரண்டாம் விமலதர்மசூரியன் அவரைச் சிறையில் போட்டான். போர்த்துக்கேயர் இலங்கையை விட்டுப் போய் 34 வருடம் ஆகியிருந்தது. போய்விட்ட அரசுக்கு ஒற்று வேலை! சிறையிலும் அவர் செபித்ததையும் நோயாளிகளைப் பார்த்ததையும் கண்டபின் அந்த மன்னனே அவருக்குக் காவலானான்.

இந்த இரகசியக் கூட்டம் எந்தப் புரட்சியையும் செய்யவில்லை. 1796இல் ஒல்லாந்தரைப் பிரித்தானியர் வெளியேற்றும் வரை, 138 வருடம், அது செய்ததெல்லாம் பூசையும் ஞானஸ்நானமும் கல்யாணமும் சாவு வீடும்தான். 1806இல் கத்தோலிக்கர் மீதான சட்டத் தடைகள் நீங்கியதும் இரகசியம் முழுதாகக் கரைந்து போனது. கோயில் கதவு திறந்துவிட்ட பிறகு நடுச்சாமத்தில் காட்டுக்குள் போக யாருக்கும் ஆசையில்லை. தடையே மறைவை உண்டாக்கியது. மறைவைக் காட்டித் தடையை நியாயப்படுத்தினார்கள்.

இதே மன்னார்க் குடாவில், நூறு வருடம் கழித்து, மறைவு துப்பாக்கி எடுத்ததும் நடந்தது. 1906இல் வ.உ.சிதம்பரம்பிள்ளை தூத்துக்குடியில் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடின. எல்லாம் வெளிப்படை: பங்குப் பத்திரம், பொதுக்கூட்டம், கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம். அரசு என்ன செய்தது? 1908 மார்ச் 12ஆம் திகதி வ.உ.சியையும் சுப்பிரமணிய சிவாவையும் கைதுசெய்தது. மறுநாள் நெல்லையில் எழுந்த மக்களைச் சுட்டது. வ.உ.சிக்கு இரட்டை ஆயுள், அதாவது 40 வருடம் என்று தீர்ப்பு வந்தது; மேன்முறையீட்டில் குறைந்தது. கப்பல் கொம்பனி அழிந்தது. அந்தக் கைதுகளுக்குப் பிறகுதான் நீலகண்ட பிரம்மச்சாரியின் பாரத மாதா சங்கம் இரகசியப் பிரமாணங்களோடு ஆள் சேர்த்தது. 1911 ஜூன் 17ஆம் திகதி மணியாச்சி இரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டு, தன்னையும் சுட்டுக்கொண்டான்.

தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். பொதுக்கூட்டம் முதலில், சிறை அடுத்து, இரகசியச் சங்கம் கடைசியில். ஆனால் ரௌலட் தலைமையில் அமைந்த குழு 1918இல் கொடுத்த அறிக்கை, இந்தியாவின் கொந்தளிப்பைப் பெரும்பாலும் இரகசியக் குழுக்களின் கதையாகவே எழுதியது. அதை நம்பி 1919இல் சட்டம் கொண்டுவந்தார்கள். அந்தச் சட்டத்தை எதிர்த்து அதே வருடம் ஏப்ரலில் நாடு முழுக்கக் கடையடைத்து வீதிக்கு வந்தவர்களில் எத்தனை பேர் இரகசியப் பிரமாணம் எடுத்திருப்பார்கள்?

இனி, எழுதாமல் விட எனக்கு உரிமையில்லாத பகுதி. இந்தப் பழி அரசர்களின் வாயிலிருந்து மட்டும் வருவதில்லை. பாருவெல் பேனா எடுப்பதற்கு முன்பே, பாரிசில் புரட்சியாளர்களே சதி தேடத் தொடங்கிவிட்டார்கள். 1794 மார்ச்சில் ஏபேரும் ஏப்ரலில் டாண்டனும் தலையிழந்தது ‘அந்நியச் சதி’ என்ற பெயரில்தான். இருவருமே புரட்சியை நடத்தியவர்கள்.

மன்னாரில் அது 1990 ஒக்டோபரில் நடந்தது. கிழக்கில் அந்த வருடம் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் நடுவே நிறைய இரத்தம் ஓடியிருந்தது. ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களை விடுதலைப் புலிகள் சுட்டார்கள். ஒக்டோபரின் கடைசி வாரத்தில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் உத்தரவிட்டார்கள். யாழ்ப்பாண நகரில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னாரில் சில நாள். எருக்கலம்பிட்டி, தாராபுரம், முசலி என்று ஊர் ஊராகக் காலியானது. தீவில் இருந்தவர்கள் கடற்கரையில் காத்துக்கிடந்து தோணிகளில் கற்பிட்டிப் பக்கம் போனார்கள். வடமாகாணம் முழுக்க ஏறத்தாழ 75,000 பேர். மிகப் பெரிய பங்கு மன்னாருடையது. சொல்லப்பட்ட காரணம் பழையதுதான்: அவர்களுக்குள் அரச படைக்கு வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள்.

ஒருவன் ஒற்றனாக இருந்திருக்கலாம் என்பதற்கு எருக்கலம்பிட்டியின் முழுச் சனமும் எப்படிப் பொறுப்பாகும்? அன்று பால்குடிக்கும் பிள்ளைக்கு எந்த முகாமில் தொடர்பு இருந்தது? தமிழர்களாகிய நாங்கள் இந்தக் கேள்வியை அன்று போதிய அளவு உரக்கக் கேட்கவில்லை. 1983இல் எங்கள் முழு இனத்தையும் புலி என்று சொல்லிக் கொழும்பில் எரித்தவர்களின் தர்க்கமும் இதுவே என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது. தோட்டவெளியில் 600 பேருக்காக மெழுகுதிரி ஏற்றும் தீவில், அதே பழியைச் சுமந்து அயலவர் தோணி ஏறினார்கள்.

2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் சந்திப்பில், அந்த வெளியேற்றம் ஓர் அரசியல் தவறு என்று புலிகளின் அரசியல் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் ஒப்புக்கொண்டார். அதற்குள் புத்தளத்து முகாம்களில் பிறந்த பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பை நெருங்கிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் 1915: கண்டிக் கலவரத்துக்குப் பின்னால் ஜேர்மன் கையைத் தேடிய பிரித்தானிய அரசு, மதுவொழிப்புச் சங்கத் தலைவர்களைச் சிறைக்கு அனுப்பிய கதை.

(தொடரும்)