தன்னாய்வும் குறிக்கோளும்

பொன்னை உரைகல்லில் உரைத்து மாற்று அறிகிறோம். நெல்லை மரக்காலால் அளக்கிறோம். பிறருடைய குணங்குற்றங்களையோ எந்தக் கருவியும் இன்றியே அளந்துவிடுகிறோம். நம்மை நாமே அளக்கவேண்டிய வேளை வரும்போது மட்டும் கை தளர்கிறது. அளவுகோலும் வளைந்து கொடுக்கிறது. தன் நிறைகுறைகளை நடுவுநிலை பிறழாது தானே ஆராய்ந்து காண்பது தன்னாய்வு எனப்படும். அவ்வாறு கண்ட குறையைப் போக்கிக்கொள்ளும் பொருட்டு, இன்னதை இவ்வாறு செய்து முடிப்பேன் என்று உறுதி கொள்வது குறிக்கோள் எனப்படும். தன்னாய்வு இல்லாத குறிக்கோள் மனக்கோட்டையாய் முடியும். குறிக்கோள் இல்லாத தன்னாய்வு வெறும் புலம்பலாய் முடியும். இவ்விரண்டும் ஒருங்கே அமைந்தால் விளையும் பயன் யாது என்பதைச் சான்றோர் இருவர் வாழ்க்கையில் காண்போம்.

பல்லாவரத்திலிருந்து பூந்தமல்லிக்குச் செல்லும் வழியில், குன்றின்மேல் முருகன் கோயில் விளங்கும் குன்றத்தூர் என்னும் ஊர் உள்ளது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சோழ மன்னன் அநபாயனுக்கு அமைச்சராய் இருந்த சேக்கிழார் பிறந்த ஊர் அது. அருண்மொழித்தேவர் என்பது அவரது இயற்பெயர். மன்னன் சைன காவியமாகிய சீவக சிந்தாமணியின் சுவையில் ஆழ்ந்திருந்தான் என்றும், சைவராகிய அமைச்சர் அதனை மறுத்துச் சிவனடியார் வரலாற்றை அறியுமாறு அவனுக்கு எடுத்துரைத்தார் என்றும் சேக்கிழார் புராணம் கூறும். அவ்வரலாற்றை விரித்துரைக்கும் காவியம் அந்நாளில் தமிழில் இல்லை. சுந்தரர் அருளிய திருத்தொண்டத்தொகை அடியார் பெயர்களைத் தொகுத்துரைத்தது, நம்பியாண்டார் நம்பியின் அந்தாதி அதனைச் சிறிது வகுத்துரைத்தது, அவ்வளவே.

‘மன்னன் கற்பது தக்கதன்று’ என்று கூறியதோடு அமைச்சர் அமைந்திருக்கலாம். குறை கூறுவோர் பலர் அவ்வளவில் நின்றுவிடுவதே உலக வழக்கு. சேக்கிழாரோ மன்னன் வேண்ட, அக்குறையை நிரப்பும் பொறுப்பைத் தம்மேல் ஏற்றுக்கொண்டார். தில்லைக்குச் சென்று தங்கினார். நாலாயிரத்திற்கு மேற்பட்ட பாடல்களால் பெரியபுராணத்தை நிறைவேற்றினார். பிறரிடம் ஒரு குறை கண்டபோது, ‘இதற்கு நான் செய்யக்கூடியது யாது?’ என்று தம்மை நோக்கி வினவுவதே பெரியோர் இயல்பு என்பது இதனால் விளங்கும்.

அமைச்சர் மறுத்த அதே சிந்தாமணி, எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் சென்றபின், கும்பகோணத்தில் மற்றொருவர் வாழ்க்கையைத் திருப்பியது. அவரே டாக்டர் உ. வே. சாமிநாதையர். உத்தமதானபுரத்தைச் சேர்ந்தவரும் 1855-ஆம் ஆண்டு பிறந்தவருமாகிய அவர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் முறையாகப் பாடங்கேட்டவர். 1880-ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராய் அமர்ந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து. அதே ஆண்டில், சேலம் இராமசுவாமி முதலியார் என்னும் தமிழன்பர் அவ்வூருக்கு முன்சீபாக வந்து சேர்ந்தார். ஐயர் அவரைக் காணச் சென்றார். என்னென்ன நூல்கள் கற்றிருக்கிறீர் என்று முதலியார் வினவினார். அந்தாதி, கலம்பகம், கோவை, பிள்ளைத்தமிழ், புராணம் எனத் தாம் கற்றவற்றையெல்லாம் ஐயர் அடுக்கிச் சொன்னார். கேட்டவர் வியக்கவில்லை, இவற்றைக் கற்றதனால் பயன் என்ன என்று வினவினார். பின்னர், சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகிய பழைய நூல்களைக் கற்றதுண்டோ என்று கேட்டார். ஐயர் அந்நூல்களைக் கண்ணாலும் கண்டதில்லை.

மாணவர்களே, இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். பெரும்புலவரிடம் பயின்று, கல்லூரியில் ஆசிரியராயும் இருக்கும் ஒருவரை நோக்கி, உம் கல்வி போதாது என்பதுபோல ஒருவர் பேசினால் மனம் என்ன செய்யும்? சினங்கொள்ளும், சொன்னவரிடம் குற்றம் தேடும், அவர் இருக்கும் பக்கமே இனிச் செல்லலாகாது என்று தீர்மானிக்கும். ஐயர் அவ்வாறு செய்யவில்லை. தாம் கற்றது இவ்வளவு, கல்லாதது இவ்வளவு என்று உள்ளவாறே கண்டார். மீண்டும் முதலியாரிடம் சென்றார். சிந்தாமணியின் கையெழுத்துப் படியைப் பெற்றுக் கற்கத் தொடங்கினார். இதுவே தன்னாய்வு.

கற்கப் புகுந்தபோது இடர்கள் பல எதிர்ப்பட்டன. சைன சமயக் கருத்துகள் அவருக்குப் புதியவை. கும்பகோணத்தில் வாழ்ந்த சைனர்களை நாடிச் சென்று, ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தார். பிற சமயத்தாரிடம் மாணவராய் அமர்வதை இழிவாகக் கருதவில்லை. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் நூற்பெயர் கூறாமலே பல மேற்கோள்களை எடுத்தாண்டிருந்தார்; அவை எந்நூலைச் சேர்ந்தவை என்று தேடினார். பல ஊர்களிலிருந்து ஏட்டுச்சுவடிகளைத் தேடிப் பெற்று, ஒன்றோடொன்று ஒப்புநோக்கிப் பாடவேறுபாடுகளைக் குறித்துக்கொண்டார். ஏழாண்டு உழைப்பின் பின் 1887-ஆம் ஆண்டில் சிந்தாமணி உரையுடன் அச்சேறியது.

அம்முயற்சி அவ்வளவில் நிற்கவில்லை. 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை எனத் தொடர்ந்து, 1937-இல் குறுந்தொகை வரையில் அவர் பதிப்புகள் வெளிவந்தன. பதிப்பித்த நூலோடும் அவர் மனநிறைவு கொண்டுவிடவில்லை. மேலும் கிடைத்த செய்திகளைக் கொண்டு திருத்தம் செய்து, 1907-இல் சிந்தாமணியை இரண்டாம் முறை பதிப்பித்தார். அக்காலத்தில் ஏடுகள் செல்லுக்கும் தீக்கும் ஆற்று வெள்ளத்திற்கும் இரையாகி வந்தன. அன்று கும்பகோணத்தில் அந்த இளைஞர் தம் பெருமையைக் காத்துக்கொண்டு வீடு திரும்பியிருந்தால், நாம் இழந்திருக்கக்கூடியவை எவ்வளவு என்று யார் சொல்லவல்லார்?

தன்னாய்வைப் பெருஞ்செயல்களுக்கே உரியதென்று எண்ணுதல் வேண்டா. அன்றாட ஒழுக்கத்திலும் அதனைக் கைக்கொள்ளலாம். அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின் இளமையில் தாம் பெறவேண்டிய பதின்மூன்று நற்பண்புகளை ஒரு சிறு குறிப்பேட்டில் வரிசையாக எழுதிக்கொண்டார். வாரத்திற்கு ஒரு பண்பாக எடுத்துக்கொண்டு அதில் சிறப்பாகக் கருத்தைச் செலுத்தினார். நாள்தோறும் இரவில் தம் நடத்தையை ஆராய்ந்து, தவறிய இடங்களில் கரும்புள்ளி இட்டுவந்தார். பதின்மூன்று வாரங்களில் ஒரு சுற்று முடியும். ஓராண்டில் நான்கு சுற்றுகள் நிறைவேறும். பொருள்களை ஒழுங்காக வைக்கும் பழக்கம் தமக்கு இறுதிவரை கைவரவில்லை என்று அவரே தம் வரலாற்றில் எழுதினார். ஆயினும், முயலாதிருந்தால் எய்தியிருக்க முடியாத மேன்மையை அம்முயற்சியால் எய்தியதாகவும் கூறினார்.

மாணவராகிய நீங்கள் செய்யத்தக்கது யாது? முதலாவது, குறையைப் பொதுவாகக் கூறாது குறிப்பாகக் கூறுங்கள். ‘எனக்குக் கணக்கு வராது’ என்பது தன்னாய்வு அன்று. ‘பின்னங்களைக் கூட்டும்போது தவறுகிறேன்’ என்பதே தன்னாய்வு. இரண்டாவது, குறிக்கோளை நாட்கடமையாகப் பகுத்துக்கொள்ளுங்கள். ‘முதல் மாணவனாய்த் தேறுவேன்’ என்பது ஆசை. ‘நாள்தோறும் பத்துக் கணக்குகள் செய்வேன்’ என்பது குறிக்கோள். மூன்றாவது, செய்ததையும் செய்யாததையும் எழுதி வையுங்கள். நினைவு நமக்குச் சார்பாகப் பேசும், ஏடு பேசாது. நான்காவது, குறை கூறுவோரைப் பகைவராய்க் கருதாதீர்கள். அவர் கூற்றில் உண்மை உளதோ என்று முதலில் நோக்குங்கள். இறுதியாக, குறை கண்டவுடன் உங்களை நீங்களே இகழ்ந்துகொள்ளாதீர்கள். நோயறிதல் மருந்து உண்ணுதற்கே அன்றி வருந்திக்கிடப்பதற்கு அன்று.

குன்றின்மேல் ஏற விரும்புவோன் முதலில் தான் நிற்கும் இடத்தை அறிதல் வேண்டும். பின்னர்ப் படிகளை ஒவ்வொன்றாகக் கடத்தல் வேண்டும். நிற்கும் இடத்தைக் காட்டுவது தன்னாய்வு. ஏறவேண்டிய படிகளைக் காட்டுவது குறிக்கோள். இவ்விரண்டையும் இளமையிலேயே பழகிக்கொள்வோர் தாமும் உயர்வர்; தம் நாட்டையும் மொழியையும் உயர்த்துவர்.