பழைய பிக்-அப் வண்டியும் வந்து சேராத கடிதமும்



தோட்டத்தில் ஒரு வீட்டு வாசலில் பிக்-அப் வண்டி வந்து நின்றால் அன்று அந்த லயம் முழுவதற்கும் ஒரு சிறு திருநாள்தான். சந்தனமும் குங்குமமும் இட்டு, மாரியம்மன் கோயில் வாசலுக்கு ஓட்டிச் சென்று, நான்கு சக்கரங்களின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பிறகுதான் அதில் மற்றவர்கள் ஏறுவார்கள். வண்டி புதியதா பழையதா என்று அந்த வேளையில் யாரும் கேட்பதில்லை. நம் மக்கள் வாங்குவது பெரும்பாலும் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஓடிய வண்டியைத்தான். சேம நிதியில் கிடைத்த தொகையும், கூட்டுக் கட்டி எடுத்த தொகையும், அடகுக் கடையில் வைத்த வளையலும் சேர்ந்துதான் அந்த வண்டியாக உருமாறி வந்து நிற்கிறது. காய்கறி ஏற்றவும், சொந்தமாக வைத்திருக்கும் இரண்டு ஏக்கர் செம்பனையின் குலைகளை இறக்கவும், பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் அந்த ஒரே வண்டிதான்.

இத்தகைய வண்டியைப் பற்றி நாம் கேட்கும் முறையீடுகளுக்குக் கணக்கில்லை. புகை கக்குகிறது, கிளட்ச் வழுக்குகிறது, மேட்டில் இழுக்கவில்லை, வில் பட்டை முறிந்துவிட்டது என்று பலவாறு சொல்வார்கள். இவையெல்லாம் வயதினால் வரும் குறைகள். நமக்கு வருகிற முழங்கால் வலியைப் போன்றவை. வாங்கியவர்தான் செலவழித்துச் சரிசெய்துகொள்ள வேண்டும். ஆனால் வேறொரு வகைக் குறை உண்டு. அது வண்டி தொழிற்சாலையிலிருந்து வெளியே வரும்போதே உடன் வந்த பிறவிக் குறை. உயிருக்கு ஆபத்தான அப்படியொரு குறை பின்னாளில் தெரியவந்தால், தயாரித்த நிறுவனம் அந்த வண்டிகளைத் திரும்ப அழைத்து, காசு வாங்காமல் பழுது நீக்கித் தருகிறது. ‘ரீகால்’ என்று பட்டறைக்காரர்கள் சொல்வது இதைத்தான். வண்டி இரண்டாம் கைக்குப் போயிருந்தாலும் சரி, ஐந்தாம் கைக்குப் போயிருந்தாலும் சரி, அந்தப் பழுதைச் சரிசெய்ய உரிமையாளர் ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை. இந்தச் செய்தி தெரியாததால் நேர்ந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நாம் நன்கு அறிந்த ஒரு குடும்பம். பெரியவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர். பட்டணத்தில் பழைய வண்டி விற்கும் கடையொன்றில் பிக்-அப் ஒன்றை வாங்கினார். வாங்குவதற்கு முன் மகனும் மருமகனும் பட்டறைத் தம்பி ஒருவரும் சேர்ந்து எஞ்சினைத் திறந்து பார்த்தார்கள், எண்ணெயைத் தொட்டு முகர்ந்தார்கள், வண்டியின் அடியில் படுத்துப் பார்த்தார்கள், இரண்டு மைல் ஓட்டிப் பார்த்தார்கள். சட்டக எண்ணைக் கொண்டு ஒரு தொலைபேசி அழைப்புச் செய்ய மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, தலைநகரில் வேலை செய்யும் உறவுக்காரப் பையன் ஒருவன் திருநாளுக்கு வந்தபோது தற்செயலாகக் கேட்டான்: “மாமா, இந்த வண்டியின் ஏர்பேக்கை மாற்றிவிட்டீர்களா?” மறு நாள் விசாரித்தபோதுதான் விவரம் வெளியாயிற்று. முன்பக்கக் காற்றுப்பைக்காக அந்த வண்டி ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே திரும்ப அழைக்கப்பட்டிருந்தது. கடிதங்களும் அனுப்பப்பட்டிருந்தன. ஆனால் அவை போனது வண்டியை முதன்முதலில் வாங்கிய ஒரு குத்தகைக்காரரின் பழைய முகவரிக்கு. அந்த இரண்டு ஆண்டுகளும் பாட்டி பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில்தான் உட்கார்ந்து போயிருக்கிறார். (குழந்தையை மடியில் வைத்து முன் இருக்கையில் போவது எந்த வண்டியிலும் தவறு, அது ஒரு புறமிருக்கட்டும்.)

காற்றுப்பை உயிரைக் காக்க வைத்த பொருளாயிற்றே, அது எப்படி ஆபத்தாகும் என்று நீங்கள் கேட்கலாம். ஸ்டீயரிங்கின் நடுவிலும் பக்கத்து இருக்கைக்கு எதிரேயும் மடித்து வைத்திருக்கும் இந்தப் பை, வண்டி மோதியதும் கண் இமைப்பதற்குள் உப்பிவிட வேண்டும். வாயைக் குவித்து ஊதுகிற வேகம் அதற்குப் போதாது. ஆகவே ஓர் உலோகக் குப்பிக்குள் வெடியுப்பை வில்லைகளாக அழுத்தி வைத்திருக்கிறார்கள். மோதிய கணத்தில் அது எரிந்து, வாயு பீறிட்டு, பை விரிகிறது. ஜப்பானிய நிறுவனமான தக்காத்தா தயாரித்த குப்பிகளில் இதற்காகப் பயன்படுத்தியது அம்மோனியம் நைட்ரேட் என்னும் உப்பு. உரமாகவும் பயன்படுகிற பொருள்தான் அது. தோட்டத்து உரக் கிடங்கைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வாய் கிழிந்த மூட்டை நாலு நாள் கிடந்தால் என்ன ஆகிறது? ஈரத்தை இழுக்கிறது, வெயிலில் காய்கிறது, மீண்டும் ஈரமாகிறது, கட்டி தட்டுகிறது, கட்டி பிளந்து பொடியாகிறது. குப்பிக்குள் இருக்கும் வில்லையின் கதியும் அதுதான். பகல் வெப்பமும் இரவுக் குளிர்ச்சியும் மாறி மாறி அடிக்க, காற்றிலுள்ள ஈரம் மெல்ல உட்புக, ஆண்டுக்கணக்கில் அது வெடிப்பு விட்டுத் தூளாகிறது. முழு வில்லை நிதானமாக எரியும். தூள் ஒரே கணத்தில் எரிந்துவிடும். அப்போது எழும் அழுத்தத்தைத் தாங்காமல் குப்பியே சிதறி, அதன் உலோகத் துண்டுகள் பையைக் கிழித்துக்கொண்டு எதிரே இருப்பவரின் கழுத்திலும் முகத்திலும் பாய்கின்றன.

வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில் இந்தக் கேடு விரைவாக வருகிறது என்பது ஆராய்ச்சியில் தெரிந்த உண்மை. ஆண்டு முழுவதும் மழையும் வெயிலும் மாறி மாறி வரும் நம் நாட்டைவிட வேறென்ன வேண்டும்? பனிக்குளிர் நாட்டில் நீண்ட காலம் தாங்கும் குப்பி இங்கே அத்தனை காலம் தாங்காது. வண்டி பழசாக ஆக ஆபத்துக் கூடுகிறது. அதாவது, முதல் முதலாளி ஓட்டியபோது இருந்த ஆபத்தைவிட, கைமாறி நம்மிடம் வந்தபோது இருக்கும் ஆபத்து அதிகம்.

2014-ஆம் ஆண்டு ஜூலையில் சரவாக்கின் சிபு நகரில், 2003-இல் தயாரான ஹோண்டா சிட்டி காரை ஓட்டிச் சென்ற கருவுற்ற பெண் ஒருவர் இப்படித்தான் இறந்தார். பறந்து வந்த உலோகத் துண்டு அவர் கழுத்தை வெட்டியது. அமெரிக்காவுக்கு வெளியே இக்குறையால் நேர்ந்ததாகத் தெரியவந்த முதல் மரணம் அதுவே. 2016-ஆம் ஆண்டிலும் நம் நாட்டில் உயிர்கள் போயின. பிக்-அப் வண்டியின் கதை வேண்டுமானால் அமெரிக்காவுக்குப் போக வேண்டும். 2015 டிசம்பரில் தென் கரோலினா மாநிலத்தில் 2006-ஆம் ஆண்டு ஃபோர்டு ரேஞ்சர் பிக்-அப்பை ஓட்டிச் சென்ற ஒருவர், சாலையில் நின்ற ஒரு மாட்டின் மீது மோதினார். நம் தோட்டத்துச் சாலையில் மாடு குறுக்கே வருவது அன்றாடம் நடப்பதல்லவா? பிழைத்திருக்க வேண்டிய விபத்து. காற்றுப்பையின் குப்பி சிதறியதால் அவர் இறந்தார். 2017 ஜூலையில் மேற்கு வெர்ஜீனியாவில் அதே ஆண்டு ரேஞ்சர் ஒன்றில் இன்னொருவர் அதே விதமாக இறந்தார். ஆராய்ந்தபோது இரண்டு குப்பிகளும் ஒரே நாளில் தயாரானவை என்று தெரிந்தது. 2018 ஜனவரியில் அந்த நிறுவனம் சுமார் 2,900 வண்டிகளின் உரிமையாளர்களிடம், “பழுதுபார்க்கும் வரை வண்டியை ஓட்டவே வேண்டாம்” என்று கேட்டுக்கொண்டது. மிட்சுபிஷி ட்ரைட்டன், மஸ்டா பிடி-50 போன்ற வண்டிகளின் சில ஆண்டுத் தயாரிப்புகளும் பல நாடுகளில் இந்தக் குப்பிகளுக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. உலகெங்கும் மாற்ற வேண்டியிருந்த குப்பிகள் சுமார் 10 கோடி. தக்காத்தா நிறுவனம் 2017-இல் திவாலாகிவிட்டது.

இவற்றுள் நம் மனத்தை மிகவும் உறுத்துவது ஹூஸ்டன் நகருக்கு அருகே 2015 ஜனவரியில் நடந்தது. இறந்தவர் அந்தக் காரை ஓர் ஆண்டுக்குள்தான் பழைய வண்டிக் கடையில் வாங்கியிருந்தார். அது 2011-லேயே திரும்ப அழைக்கப்பட்ட கார். முந்திய உரிமையாளர் காலத்தில் பழுது நீக்கப்படவில்லை; வாங்கியவருக்கோ அது தெரியாது. கடிதம் வண்டியைத் தேடிப் போவதில்லை, நேயர்களே. பழைய பெயரைத் தேடித்தான் போகிறது. நம்மவர் நிலையைச் சொல்லவே வேண்டாம். தோட்டம் துண்டாடப்பட்டு லயத்தைக் காலி செய்தவர்கள் எத்தனை பேர்? தோட்ட அலுவலகத்துக்கு வந்த கடிதம் கிராணியின் மேசையிலேயே கிடந்து மஞ்சளாகிப் போனதை நாம் கண்டதில்லையா?

உரிமை மாற்றத்துக்கு முன் பரிசோதனை நிலையத்தில் வண்டியைப் பார்க்கிறார்களே, அது போதாதா என்று சிலர் கேட்பார்கள். அங்கே எஞ்சின் எண், சட்டக எண், பிரேக், விளக்கு முதலியவற்றைப் பார்ப்பார்கள். ஸ்டீயரிங்கைக் கழற்றிக் குப்பியைப் பார்ப்பது அவர்கள் வேலையன்று.

ஆகவே நாமே விசாரிக்க வேண்டும். வண்டியின் கிராண்டில் சட்டக எண் இருக்கும். பெரும்பாலும் எழுத்தும் இலக்கமுமாக 17 இருக்கும். முன் கண்ணாடியின் கீழ் மூலையிலோ, கதவு ஓரத்திலோ, சட்டத்திலோ அதே எண் பொறித்திருக்கும். இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். ஒத்திராவிட்டால் அந்த வண்டியே வேண்டாம். பிறகு அந்த வண்டி இனத்தின் அதிகாரபூர்வ சேவை நிலையத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, “இந்த எண்ணுக்கு நிறைவேறாத ரீகால் ஏதும் உண்டா?” என்று கேளுங்கள். எண்ணைச் சொல்லும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: 17 இடங்கள் கொண்ட எண்ணில் ஓ என்ற ஆங்கில எழுத்து வராது, அது சுழியம்தான், ஐ என்ற எழுத்தும் வராது, அது ஒன்றுதான். பணம் கொடுப்பதற்கு முன்பே இதைக் கேட்டுவிட்டால் இன்னும் நல்லது. விற்பவர் எண்ணைத் தரத் தயங்கினால் அதுவே ஒரு பதில்.

“முன்பே ஒரு தடவை மாற்றியாயிற்று” என்று விற்பவர் சொன்னாலும் கேட்கத்தான் வேண்டும். தொடக்க காலத்தில் மாற்றிய சில குப்பிகளும் அதே வகையாக இருந்ததால், மறுபடியும் மாற்ற வேண்டியதாயிற்று. சாவியைத் திருப்பியதும் காற்றுப்பை விளக்கு சில நொடிகள் எரிந்து அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு. ஒரு முறைகூட எரியாவிட்டால், யாரோ விளக்கையே பிடுங்கியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். விபத்தில் விரிந்த பைக்குப் பதிலாக உடைத்த வண்டிக் கடையிலிருந்து பழைய பையை மலிவாக வாங்கிப் பொருத்துவதும் நடக்கிறது. அந்தப் பை எந்த வண்டியிலிருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும்? நம் பையன்கள் கைராசிக்காரர்கள், எதையும் கழற்றி மாட்டிவிடுவார்கள். ஆனால் இந்தக் குப்பியைத் தொடவோ, கம்பியை அறுக்கவோ விடாதீர்கள். உதிரிப் பாகம் வரும்வரை காத்திருக்கச் சொன்னால், அதுவரை ஓட்டலாமா, எந்த இருக்கையைத் தவிர்க்க வேண்டும் என்பதை அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு குறை, துரு. அமெரிக்காவில் டொயோட்டா டகோமா பிக்-அப்பின் சட்டம் அரித்துப் போகிறது என்று உரிமையாளர்கள் ஆயிரக்கணக்கில் முறையிட்டார்கள். பனியைக் கரைக்கச் சாலையில் கொட்டும் உப்பு அங்கே துருவை வளர்க்கிறது. 2008-இல் அந்த நிறுவனம் 1995 முதல் 2000 வரை தயாரான வண்டிகளில் மிகவும் அரித்தவற்றை, சந்தை மதிப்பைப்போல் ஒன்றரை மடங்கு விலை கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டது. முறையிடுவதால் என்ன ஆகும் என்று சலித்துக்கொள்பவர்களுக்காகவே இதைச் சொல்கிறோம். இங்கே பனி இல்லை. ஆனால் பிக்-அப்பில் பொட்டாசு உரம் ஏற்றுகிறோமே, அதுவும் ஒருவகை உப்புதான். சிந்திய உரத்தின் மேல் மழை பட்டு அது சட்டத்தில் ஒழுகினால் துரு பிடிக்காமல் என்ன செய்யும்? உரம் ஏற்றிய அன்றே தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். வாங்கும்போது பின்பக்க வில் பட்டை பிணைந்துள்ள இடத்தில் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலிக்க வேண்டும். அடியில் புதிதாகக் கறுப்புச் சாயம் பூசியிருந்தால் இரண்டு தடவை தட்டுங்கள்.

தவணையில் வாங்குபவர்கள் ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டம் பொருளின் தரத்துக்குப் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் ‘இது பழைய வண்டி, தரத்துக்கு உத்தரவாதம் இல்லை’ என்ற வாசகம் ஒப்பந்தத்தில் இருந்து, அது உங்களுக்கு எடுத்துக் காட்டப்பட்டதாக நீங்களும் எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். வியாபாரி ஏமாற்றிவிட்டார் என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் வேண்டியதில்லை, 2019 முதல் 50,000 வெள்ளி வரை கோரலாம். தனியாரிடம் கைமாற்றாக வாங்கிய வண்டிக்கு அங்கே இடமில்லை. தொழிலுக்கென்று வாங்கிய வண்டியானால் ஏற்றுக்கொள்வார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. ரசீது இல்லாமல் மட்டும் போகாதீர்கள்.

நாம் சொன்ன அந்தப் பெரியவரின் வண்டிக்கு இரண்டு வாரத்தில் பாகம் வந்தது. காலையில் விட்டார்கள், மதியச் சாப்பாட்டுக்கு முன் கொடுத்துவிட்டார்கள். ஒரு காசு வாங்கவில்லை. மாற்றியதற்கான தாளை அவர் மடித்து, கிராண்டோடு ஒரே உறையில் வைத்திருக்கிறார். வண்டியை விற்கும் நாளில் வாங்குகிறவரிடம் அதையும் கொடுக்கப் போவதாகச் சொன்னார்.