வாய்க்கால் நீரும் மட்டவேறுபாடும்

சிறுபோகத்தில் வாய்க்காலுக்கு நீர் விடப்பட்டு மூன்று நாட்கள் சென்ற பின்னரும், நற்பிட்டிமுனைப் பக்கத்து வட்டைகளிற் கடைசி வரவைகள் நனையாதிருப்பதுண்டு. தலைப்பிலுள்ள கமக்காரர் வைத்திருப்பது நாலங்குலக் குழாய். கடையிலுள்ளவர் வைத்திருப்பதும் அதுவே. ஆயினும் ஒருவர் வயலில் நீர் வரம்பைத் தொடுகின்றது. மற்றவர் வயலில் முளைத்த நெல் காய்கின்றது. வட்டவிதானையார் பக்கஞ் சார்ந்தார் என்ற பேச்சும் அதன்பின் எழுகின்றது. பெரும்பாலும் அவர்மீது குற்றமில்லை. நீரின் இயல்பே இவ்வேறுபாட்டை உண்டாக்குகின்றது.

நீர் அளவினால் அன்று, உயரத்தினாலேயே தள்ளப்படுகின்றது. பெரிய குளமாயினும் சிறிய கிணறாயினும் பத்தடி ஆழத்தில் நீரின் அமுக்கம் ஒன்றே. வாய்க்காலுக்கும் வயலுக்குமிடையே குழாய் நீரில் மூழ்கியிருப்பின், அதனூடாக நீரைச் செலுத்துவது இரு நீர்மட்டங்களின் வேறுபாடு மாத்திரமே. இத்தாலிய அறிஞர் தொரிசெல்லி 1644ஆம் ஆண்டில் வெளியிட்ட விதியின்படி, துவாரத்தினூடாகப் பாயும் நீரின் வேகம் அவ்வுயரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடும். உயரம் நான்கு மடங்கானால் வேகம் இரு மடங்காகும். ஒன்பது மடங்கானால் மூன்று மடங்காகும்.

இதனை வயலிற் பொருத்திப் பார்ப்போம். தலைப்பு வரவையில் மட்டவேறுபாடு 9 அங்குலம் எனக் கொள்க. கணக்கின்படி வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 7 அடி. கடை வரவையில் வேறுபாடு 1 அங்குலமே எனின், வேகம் 2 அடிக்குச் சற்றே மேல். உராய்வினால் உண்மை வேகம் இவற்றினுங் குறைவாயிருக்கும். எனினும் இரண்டுக்குமுள்ள விகிதம் பெரிதும் மாறாது. ஆகவே தலைப்பில் ஒரு மணி நேரத்திற் பாயும் நீர், கடையிற் பாய ஏறக்குறைய மூன்று மணி நேரஞ் செல்லும். முறை வைக்கும்போது எல்லோருக்கும் ஒரே நேரம் ஒதுக்குவது பார்வைக்கு நியாயமாகத் தோன்றும். உண்மையில் அது கடையிலுள்ளவருக்கு மூன்றில் ஒரு பங்கையே தரும்.

வாய்க்காலிற் புல் மண்டுவதன் தீமையைப் பலரும் பாதியே அறிவர். புல் நீரைத் தடுத்து வேகத்தைக் குறைக்கின்றது என்பது கண்கூடு. அத்துடன், தடைக்கு மேலே நீர்மட்டம் உயர்கின்றது. உயரவே மேல் வக்கடைகளில் மட்டவேறுபாடு கூடி, முன்னையிலும் அதிக நீர் அங்கே பாய்கின்றது. கடையிலுள்ளவர் இவ்வாறு இருமுறை இழக்கின்றார். தம் வயலோரத்தை மாத்திரம் வெட்டித் துப்புரவாக்குவதால் அவருக்குப் பயன் சிறிதே. மேலேயுள்ள புல்லையும் அகற்றுதல் வேண்டும். அதற்கு மேலுள்ளோர் இணங்க வேண்டும் என்பதே சங்கடம்.

இச்சங்கடம் தீர்க்கப்பட்டதுமுண்டு. 1949ஆம் ஆண்டிற் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டு, இங்கினியாகலையில் அணை எழுந்து, சேனாநாயக்க சமுத்திரம் உருவானது. பின்னாளில் அதன் இடக்கரை வாய்க்கால்களின் கடைப்பகுதிகள் நீரின்றி வருந்தின. 1980ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திற் கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகமும் அங்கே கமக்காரர் குழுக்கள் அமைய உதவின. கமக்காரர் கூடி வாய்க்கால்களை வெட்டினர். முறை வைத்துப் பாய்ச்சினர். மிஞ்சிய நீரைக் கீழே விட்டனர். தலைப்பிலிருந்தோர் சிங்களவர், கடையிலிருந்தோரிற் பலர் தமிழ் பேசுவோர் என்பதையும் இங்கே குறிப்பிடல் தகும்.

தோட்டக்காரருக்கும் ஒரு சொல். நீரிறைக்கும் இயந்திரம் நீரை இழுப்பதில்லை. வெளிக்காற்றின் அமுக்கமே நீரை மேலே தள்ளுகின்றது. அது தள்ளக்கூடிய உயரம் கடலோரத்திலும் 34 அடிக்கு மேற்படாது; நடைமுறையில் 20 அடிக்கு மேற் சிரமமே. கோடையிற் கிணற்று நீர் இறங்கினால் இயந்திரத்தைத் தாழ்த்தி வைக்க. இழுகுழாயின் பொருத்துகளிற் காற்றுப் புகின் இறைப்பே நின்றுவிடும்.

மட்டவேறுபாட்டை அளக்கக் கருவி வேண்டியதில்லை. அங்குலக் கோடிட்ட இரு தடிகளும், நீர் நிரப்பிய கண்ணாடிபோன்ற இருபதடிக் குழாயும் போதும். குழாயின் இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். ஒரு முனையை வாய்க்காலில் நாட்டிய தடியோடும், மறுமுனையை வயலில் நாட்டிய தடியோடும் பிடித்து, அந்த மட்டத்திலிருந்து கீழே நீர் வரை உள்ள அங்குலங்களை இரு பக்கமும் எண்ணிக் கழித்துக்கொள்க. முறை தொடங்குமுன், தலைப்பிலும் கடையிலும், வட்டவிதானையார் முன்னிலையில் இதனைச் செய்தல் நன்று.