மல்லாட்டையும் ஒரு ஈஸ்ட்டும் பிடிக்கும் ஒரே சர்க்கரை

ஜவ்வாது மலை அடிவாரத்தில், போளூர் பக்கம், மானாவாரி நிலத்தில் மல்லாட்டை போடுவார்கள். நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேச்சில் அதுதான் பெயர். மேலே ஜமுனாமரத்தூர் ஏறினால் சாமை, கொள்ளு. இந்த மல்லாட்டைக்கும் கொள்ளுக்கும் சமையலறைக்கு வெளியே இன்னொரு வேலையும் உண்டு. இரண்டிலும் சர்க்கரையைப் பிடிக்கும் புரதங்கள் இருக்கின்றன. உலகம் முழுக்க ஆய்வகங்களில் அவற்றைக் கருவியாகப் பயன்படுத்துகிறார்கள்.

கொஞ்ச நாளாக கேண்டிடா கிளாப்ராட்டா என்ற ஈஸ்ட்டைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் பி.இ. முடித்து சாஃப்ட்வேரில் இருப்பவன், உயிரியல் எனக்குத் தொழில் இல்லை. ஆனால் இந்த ஈஸ்ட் நம் செல்லில் ஒட்டுகிற விதத்துக்கும் மல்லாட்டைக்கும் உள்ள ஒற்றுமையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில், எந்தச் சர்க்கரை?

சர்க்கரை என்றதும் ரத்தத்தில் பார்க்கும் "சுகர்" ஞாபகம் வரும். இது வேறு. நம் உடம்பின் ஒவ்வொரு செல்லின் மேற்பரப்பிலும் குட்டிக் குட்டிச் சர்க்கரைச் சங்கிலிகள் முளைத்து நிற்கின்றன. புரதத்திலும் கொழுப்பிலும் வேர் விட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். காலக்டோஸ், மேனோஸ், சியாலிக் அமிலம் என்று விரல் விட்டு எண்ணக்கூடிய சில வகைகள்தான். ஆனால் எதை எதோடு, எந்தக் கோணத்தில் கோர்க்கிறோம் என்பதைப் பொறுத்து சங்கிலி மாறும்.

எல்லாருக்கும் தெரிந்த உதாரணம் ரத்த வகை. சங்கிலியின் நுனியில் காலக்டோஸ் இருந்தால் பி. அதே இடத்தில் அதன் தம்பி மாதிரியான என்-அசிட்டைல்-காலக்டோசமைன் இருந்தால் ஏ. வித்தியாசம் அவ்வளவுதான். அந்தச் சின்ன வித்தியாசத்தைக் கவனிக்காமல் ரத்தம் ஏற்றினால் உயிர் போகும்.

கொள்ளு செய்த வேலை

நுனிச் சர்க்கரையைப் பார்த்துப் பிடிக்கும் புரதங்களுக்கு லெக்டின் என்று பெயர். 1888-ல் ஸ்டில்மார்க் என்பவர் ஆமணக்கு விதைச் சாறு ரத்தச் சிவப்பணுக்களைக் கட்டி கட்டியாகச் சேர்ப்பதைக் கண்டார். 1954-ல் வில்லியம் பாய்ட், "தேர்ந்தெடுப்பது" என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து லெக்டின் என்ற பெயரை வைத்தார்.

இடையில் நம் நாட்டுக் கதை ஒன்று. 1951-ல் புனேயில் இருந்த ஜி.டபிள்யூ.ஜி. பேர்ட், கொள்ளுச் சாறு ஏ வகைச் சிவப்பணுக்களைத் தேடிப் பிடிப்பதைக் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார். சரியாக நீர்த்தால் ஏ1 செல்கள் மட்டும் கட்டியாகும், ஏ2 ஆகாது. ரத்த வங்கிகளில் இந்த இரண்டையும் பிரிக்கக் கொள்ளு லெக்டின் இன்றும் பயன்படுகிறது.

மல்லாட்டை லெக்டினுக்குப் பிடித்தது வேறு நுனி. காலக்டோஸும் என்-அசிட்டைல்-காலக்டோசமைனும் பீட்டா 1-3 என்ற பிணைப்பில் சேர்ந்த ஜோடி அது. டி-ஆன்டிஜென் என்பார்கள். இந்த லெக்டினின் அமைப்பைப் படிகமாக்கிப் படம் பிடித்தது பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் எம். விஜயன், ஏ. சுரோலியா குழு. 1994-ல் வெளியானது.

இப்போது ஈஸ்ட்

கேண்டிடா கிளாப்ராட்டா பலருடைய வாயிலும் குடலிலும் சத்தமில்லாமல் வாழும். பெயரில்தான் கேண்டிடா. பரம்பரையைப் பார்த்தால் ரொட்டி ஈஸ்ட்டுக்குத்தான் நெருங்கிய சொந்தம். அதனால் இப்போது நாகாசியோமைசிஸ் என்று பெயரை மாற்றிவிட்டார்கள். சர்க்கரை நோய், நாள்பட்ட கதீட்டர், எதிர்ப்புச் சக்தி குறைவு என்று ஏதாவது சேர்ந்தால் சிறுநீர்ப் பாதையிலும் சில சமயம் ரத்தத்திலும் தொற்றாக மாறும். அதன் உறவான கேண்டிடா ஆல்பிகன்ஸ் இழை இழையாக வளர்ந்து திசுவுக்குள் துளைத்துப் போகும். கிளாப்ராட்டாவுக்கு அந்த வித்தை இல்லை. அதனால் ஒட்டிக்கொள்வது அதற்கு இன்னும் முக்கியம்.

1999-ல் பிரெண்டன் கோர்மாக், நஃபீசா கோரி, ஸ்டான்லி ஃபால்கோ மூவரும் அந்த ஒட்டும் புரதத்தை அடையாளம் கண்டார்கள். பெயர் இபிஏ1. அதன் ஜீனை நீக்கியதும், வளர்ப்புத் தட்டில் உள்ள மனித எபிதீலியல் செல்களில் ஈஸ்ட் ஒட்டுவது 95 சதவீதம் குறைந்துவிட்டது. ஒரே ஒரு ஜீன்!

அமைப்பு எளிமையானது. அடியில் ஈஸ்ட்டின் செல் சுவரில் பதிந்த நங்கூரம். நடுவில் நீளமான தண்டு. நுனியில் சர்க்கரை பிடிக்கும் கை. அந்தக் கையின் குழிக்குள் ஒரு கால்சியம் அயனி உட்கார்ந்திருக்கிறது. காலக்டோஸ் உள்ளே வந்தால் அதன் ஹைட்ராக்சில்களைக் கால்சியம் நேரடியாகப் பிடித்துக்கொள்ளும். கால்சியத்தை எடுத்துவிட்டால் பிடி போச்சு.

ஒரு கையின் பிடி பலவீனமானதுதான். ஆனால் ஒரு ஈஸ்ட்டின் மேல் அப்படி ஏகப்பட்ட கைகள். நாயுருவி விதை வேட்டியில் ஒட்டுகிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முள்ளைப் பிரிப்பது சுலபம், எல்லாம் சேர்ந்தால் உதறினாலும் விழாது.

விதவிதமான சர்க்கரைச் சங்கிலிகளைக் கண்ணாடித் தகட்டில் வரிசையாகப் பதித்து, எதில் ஒட்டுகிறது என்று சோதித்தபோது விடை வந்தது. நுனியில் காலக்டோஸ் இருக்க வேண்டும். இபிஏ1-க்கு அதிகம் பிடித்தவற்றில் ஒன்று காலக்டோஸ் பீட்டா 1-3 என்-அசிட்டைல்-காலக்டோசமைன். அதாவது மல்லாட்டை பிடிக்கும் அதே ஜோடி.

இரண்டு புரதங்களுக்கும் வடிவத்தில் சம்பந்தமே இல்லை. ஒன்று பயறு வகைச் செடி, மற்றது ஈஸ்ட். வேறு வேறு வழியில் வந்து ஒரே பூட்டுக்குச் சாவி செய்திருக்கின்றன. பால் சர்க்கரையான லாக்டோஸின் நுனியிலும் காலக்டோஸ்தான் இருக்கிறது. ஆய்வகத்தில் லாக்டோஸை நிறையக் கொட்டினால் இரண்டின் கையும் அதிலேயே நிரம்பி, செல்லை விட்டுவிடும்.

எப்போது ஒட்டுவது?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். இபிஏ1-க்குக் கூடப் பிறந்தவை சுமார் 20 உண்டு. அவற்றில் பெரும்பாலானவை குரோமோசோம் முனைகளுக்கு அருகே, கமென்ட் போட்டு மூடி வைத்த கோடு மாதிரி அணைந்து கிடக்கும். அப்படி அணைத்து வைக்கும் புரதங்களில் ஒன்று சர்2. அது வேலை செய்ய என்ஏடி என்ற மூலக்கூறு வேண்டும். என்ஏடி தயாரிக்க நியாசின், அதாவது வைட்டமின் பி3 வகை ஒன்று, வெளியிலிருந்து வர வேண்டும். கிளாப்ராட்டாவால் அதைத் தானே ஆரம்பத்திலிருந்து தயாரிக்க முடியாது.

சிறுநீரில் நியாசின் குறைவு. ஆக, சிறுநீர்ப்பைக்குள் போனதும் என்ஏடி குறைகிறது, சர்2 தளர்கிறது, இபிஏ6 போன்ற ஜீன்கள் விழித்துக்கொள்கின்றன, ஈஸ்ட் சுவரில் ஒட்டுகிறது. சிறுநீரோடு அடித்துப் போக வேண்டிய இடத்தில்தான் பிடிமானம் அவசியம். வைட்டமின் பற்றாக்குறையையே "எங்கே இருக்கிறேன்" என்று தெரிந்துகொள்ளும் சென்சாராக வைத்திருக்கிறது. 2005-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு இது.

விடுவதற்கும் ஏற்பாடு இருக்கிறது. யாப்சின் என்ற நொதிகள் இந்தக் கைகளைச் சுவரிலிருந்து வெட்டி விடுகின்றன. 2007-ல் ருபிந்தர் கவுர், கோர்மாக்கின் ஆய்வகத்தில் இதைக் காட்டினார். பிறகு ஹைதராபாத்தின் சிடிஎஃப்டி நிறுவனத்தில் இதே ஈஸ்ட்டைத் தொடர்ந்து ஆராய்ந்துவருகிறார்.

நமக்கு என்ன?

ரத்தத்தில் இறங்கிய பூஞ்சைக்குக் கொடுக்க இருக்கும் முக்கிய மருந்து வகைகள் மூன்றே மூன்று. அதில் அதிகம் எழுதப்படும் ஃப்ளூகோனசோல் கிளாப்ராட்டாவிடம் பல நேரம் சரியாக எடுபடாது. கொல்வது கடினம் என்றால் ஒட்டவிடாமல் செய்யலாமா என்ற கேள்வி அதனால்தான் எழுகிறது. நுனிக் கையை அடைக்கும் போலிச் சர்க்கரைகளைப் பற்றிய ஆய்வுகள் நடக்கின்றன. மருந்துக் கடைக்கு இன்னும் எதுவும் வரவில்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் பாலையோ பி3 மாத்திரையையோ வைத்தியமாக எடுக்க வேண்டாம். குடிக்கும் லாக்டோஸ் குடலிலேயே உடைந்துவிடும், சிறுநீர்ப்பைக்குப் போய்ச் சேராது.

உருப்படியாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீட்டில் வயதானவர்களுக்கு, அதுவும் கதீட்டர் போட்டவர்களுக்கு, யூரின் கல்ச்சரில் "ஈஸ்ட்" என்று மட்டும் ரிப்போர்ட் வந்தால், எந்த இனம் என்று டாக்டரிடம் கேளுங்கள். தொந்தரவு எதுவும் இல்லாதபோது பலருக்கு மருந்தே தேவைப்படாது, கதீட்டரை எடுத்தாலே பெரும்பாலும் போதும் என்பார்கள். மருந்து தேவைப்பட்டால், எந்த மருந்து என்பதை அந்த இனத்தின் பெயர் மாற்றிவிடும்.